ஜன்னலைச் சாத்தி எடுத்த ரீடிங்

எங்கள் வீட்டில் அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கம் இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. நடுவில் அம்மா ஒருத்தி இருக்கிறாள், அவள் போதும் என்று இருவருமே இருந்துவிட்டோம். மகன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கூப்பிடுவான். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்பதில் ஆரம்பித்து அங்கே பனி எவ்வளவு என்பது வரைக்கும் என் மனைவி பேசித் தீர்ப்பாள். கடைசியில் போன் என் கைக்கு வரும்.

"சாப்பிட்டயா சாமி?"

"ஆச்சுங்கப்பா. நீங்க?"

"ஆச்சு. சரி, வெச்சறட்டுமா?"

அவ்வளவுதான். பேச ஆசை இல்லாமல் இல்லை. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருப்பேன். போனைக் காதில் வைத்ததும் ஒன்றும் வாய்க்கு வராது.

அவன் கிளம்பியபோது துடியலூர் வீட்டு மாடி அறையில் தன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். பாகம் பாகமாக வாங்கி அவனே பூட்டியது. அதற்குள் இருக்கும் ப்ராசஸரைக் கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேலே கூட்டி வைத்திருந்தான். ஓவர்கிளாக் என்று அதற்குப் பேர். நானோ வேலைக்காலம் முழுக்கப் பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங்கில் இருந்தவன். தகட்டில் அடித்திருக்கும் ரேட்டிங்கை மீறி எதையாவது ஓட்டினால் எனக்குப் பொறுக்காது. "ரேட்டிங் போட்டவன் என்ன கிறுக்கனா? மீறி ஓட்டாதே" என்று அன்றைக்கே சொன்னேன்.

"அதுக்குத்தானுங்கப்பா இத்தாச்சோட்டுக் கூலர்" என்று கையை விரித்து அளவு காட்டினான்.

செங்கல் பருமனுக்கு அலுமினியத் தகடுகளை அடுக்கி, பக்கத்தில் ஒரு ஃபேன். தண்ணீர் கிண்ணீர் ஒன்றும் கிடையாது, வெறும் காற்றுதான். எங்கள் மோட்டாரையும் வாலில் ஃபேன் மாட்டிக் காற்றில்தான் ஆற வைப்போம் என்பதால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை. பதிலுக்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அது எனக்குக் கைவந்த கலை.

ஊருக்குப் போகிற அன்று அவனாகவே என்னிடம் வந்தான். "சும்மா கெடந்தாக் கெட்டுப்போகுமுங்கப்பா. ஞாயித்துக்கெழம ஒருக்கா முழு லோடு குடுத்து ஓட்டி, டெம்பரேச்சர் நார்மலா இருக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. திரும்பி வந்தா எனக்கு வேணுமுங்க" என்றான். திரும்பி வந்தால் என்ற வார்த்தை ஒன்றுக்காகவே சரி என்றேன்.

முதல் ரீடிங் எடுத்தது சித்திரை வெயிலில். சோதனைப் புரோகிராமைத் தட்டிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எண்பத்து நாலு டிகிரியில் வந்து நின்றது. பழக்கதோஷம், அறைச் சூட்டையும் பார்த்து, இரண்டையும் எழுதிப் படத்தோடு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. அம்மா போன் இல்லை, என் போன்.

"ஏனுங்கப்பா, ரூம் முப்பத்தாறுன்னு போட்டிருக்கீங்க, அது எதுக்குங்க?"

"வெறும் சூட்டப் பாத்தா ஆகாது கண்ணு. வெளிச்சூட்டக் கழிச்சுப்போட்டு, மிச்சம் எத்தன ஏறுதுன்னு பாக்கோணும். மோட்டாருக்கு அப்படித்தான் பாப்போம்."

"மோட்டார எத்தன நேரமுங்க ஓட்டிப் பாப்பீங்க?"

அவன் பிறந்து வளர்ந்து, என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. சூடு ஏறி ஒரு நிலையில் நிற்கும் வரை ஓட்டுவோம் என்றேன். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், என்றான். ஒரு தடவை அப்படிப் போய், காயில் வார்னிஷ் கருகிய நாற்றத்தில் ஷெட்டே வெளியே ஓடிய கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான். என் பேச்சுக்கு அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கீழேயிருந்து மனைவி, "ஏனுங்க, யாருகிட்ட இந்நேரம் பேசறீங்க?" என்று சத்தம் போட்டாள். "என்ற பையங்கிட்ட" என்றேன், ஏதோ அவளுக்கு அறிமுகம் இல்லாத ஆளைச் சொல்வதுபோல.

அதன்பின் ஞாயிறு மத்தியானம் என்னுடையதாகிவிட்டது. அடுத்த வாரம் ஃபேனில் படிந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டச் சொன்னான், தட்டினேன். அதற்கடுத்த வாரம் கூலரைக் கழற்றி, ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாக வைக்கச் சொன்னான். காந்திபுரம் போய் வாங்கி வந்தேன். மனைவி போனைத் தூக்கிப் பிடிக்க, அவன் வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்தான். "பட்டாணி அளவுக்கு வெச்சாப் போதுமுங்கப்பா. ஐயோ, அது மொச்சக்கொட்டைங்கப்பா!" என்று அலறினான். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. அழுத்தம் ஒரே சீராக விழட்டும் என்று ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாக முறுக்கினேன். "அத நானே சொல்லோணும்னு இருந்தேனுங்க" என்றான். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது. மாடி அறையின் மேற்கு ஜன்னல் வழியே அது நுழைந்தால் நாள்காட்டி சுவரில் நிற்காது. புதுப் பேஸ்ட், சுத்தமான ஃபேன், ஓயாத காற்று. கம்ப்யூட்டர் முழு லோடிலும் எழுபதைத் தாண்ட மறுத்தது. படம் அனுப்பினேன். "சூப்பருங்கப்பா. நார்மல்" என்று எழுதினான். போன் அடிக்கவில்லை. அடுத்த வாரமும் அதே நார்மல்.

மூன்றாவது வாரம், துணி பறக்கிறது என்று மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள். நான் கவனிக்கவில்லை. எழுபத்தெட்டு காட்டியது. அனுப்பியதும் போன் வந்தது. கேபிள் கூலரை மறைக்கிறதா, ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பேச்சு அங்கிருந்து கிளம்பி, அவன் அறை, மேலதிகாரி, தனியாகச் சாப்பிடுகிற அலுப்பு என்று எங்கெங்கோ போனது. வைத்த பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். பார்த்தும் அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு நானே சாத்தினேன்.

டெஸ்டிங்கில் இருந்த காலத்தில் நான் ஒரு பொய் ரீடிங் எழுதியவன் இல்லை. அந்த வீம்பு இப்போதும் போகவில்லை. எழுபதை எண்பது என்று அனுப்ப எனக்குக் கை வராது. அதனால் சூட்டை நிஜமாகவே ஏற்றினேன். ஜன்னலைச் சாத்தினேன். அது போதாதபோது கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன், வெப்பக் காற்று வெளியேற இடமில்லாதபடி. ரீடிங் எல்லாம் உண்மை, டெஸ்ட்தான் பொய். இதே வேலையை என் கீழே ஒருவன் செய்திருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன்.

"காத்து இந்த அடி அடிக்குது, எதுக்குங்க சாத்தறீங்க?" என்றாள் மனைவி.

"தூசி" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஆடியில் ஒரு ஞாயிறு தொண்ணூற்று மூன்று வந்தது. எனக்கே திக்கென்றது. இருந்தும் அனுப்பினேன். நீண்ட பேச்சுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ச் செம்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

போனை எடுத்ததும் அவன் ஹலோகூடச் சொல்லவில்லை. "ஆஃப் பண்ணுங்கப்பா மொதல்ல. பக்கத்துல துணிகிணி இருந்தா எடுத்துப்போடுங்க. என்னமோ ஏடாகூடமாப் போச்சு. நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறீங்க, ஒண்ணுன்னா நான் ஓடி வர முடியுமாங்க?" என்றான். நான் உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜன்னலைச் சாத்தி வைத்தேன், உன்னோடு பேசவேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான் சாமி என்று ஒரு வரி. நாக்கு நுனி வரை வந்தது. அவன் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டான்.

"பழைய ஸ்பீடுக்கே மாத்திப்போடலாமுங்க. நீங்க அன்னைக்கே சொன்னீங்க, மீறி ஓட்டாதேன்னு. நாந்தான் கேக்காமப் போயிட்டேன்."

அப்பன் சொன்னது சரி என்று மகன் வாயால் கேட்கிற நாளுக்காக எல்லா அப்பனும் காத்திருக்கிறான். எனக்கு அது அப்படி வந்து சேர்ந்தது. வேண்டாம், கூட்டி வைத்த வேகத்திலேயே இருக்கட்டும் என்று சொல்ல ஒரு காரணமும் என்னிடம் இல்லை.

கொஞ்ச நேரம் ஆற விட்டு, அவன் சொல்லச் சொல்ல நானே செய்தேன். கம்ப்யூட்டர் எழும்போதே ஒரு விசையைத் தட்டி, உள்ளே போய், அவன் ஏற்றி வைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு, கம்பெனி வைத்த அளவுக்கே திருப்பினேன். சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். மறுபடி ஓட்டியபோது, சாத்திய ஜன்னலோடும் அறுபதைத் தாண்டவில்லை.

"இனிமே வாரா வாரம் பாக்க வேண்டியதில்லீங்கப்பா. உங்களுக்கும் சிரமம் இல்ல" என்றான் நிம்மதியாக.

"சிரமம் ஒண்ணுமில்ல சாமி" என்றேன். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

சாயங்காலம் மனைவி மாடிக்கு வந்து ஜன்னலை அகலத் திறந்தாள். "இனிச் சாத்த வேண்டியதில்லீங்கல்ல?" என்றாள். அவளுக்கு எப்போது தெரிந்ததோ தெரியாது. காற்று நாள்காட்டியைத் தூக்கிக் கட்டிலில் போட்டது.

அவன் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான், அம்மா போனுக்கு. போன வாரம் அவள் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். வார்னிஷ் கதைக்குப் பிறகு நடந்த இன்னொரு கதை ஒன்று சொல்வதற்குத் தயாராக வைத்திருந்தேன்.

"கம்ப்யூட்டர் சூடெல்லாம் எப்படிங்கப்பா இருக்குது?"

"நார்மல்தான் சாமி."

"அப்பச் சரிங்கப்பா. அம்மா வந்தாக் குடுங்க."

ஈரத் தலையோடு அவள் வந்தாள். கொடுத்தேன்.