மயிலையின் கடைசி விலா எலும்பு

தனலெட்சுமி மேடம் இன்று காலை போய்விட்டார்...

குடவாசலிலிருந்து அவர் தம்பி போன் செய்தார். போனை வைத்த பிறகும் நான் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். வீட்டில் சொல்கிறார்கள்.

எங்கள் காலேஜ் விலங்கியல் துறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் நாங்கள். முதுகெலும்பு பாடம் என்றால் அது மேடத்துடையது. நான் வாயே திறக்க மாட்டேன்.

"தவளைக்கு வெலா எலும்பே கெடையாது. பாம்புக்கு வால் தொடங்குற வரைக்கும் வெலாதான். ஆமைக்கு அது ஓட்டோட ஒட்டிக்கிச்சு. நமக்கு பன்னெண்டு ஜோடி, மாட்டுக்கு பதிமூணு." பசங்களிடம் இப்படித்தான் ஆரம்பிப்பார்.

துறை மியூசியத்தில் தவளை, பாம்பு, ஆமை எலும்புக்கூடு எல்லாம் இருந்தன. மாடு மட்டும் இல்லை.

அது அவர் வீட்டிலிருந்தே வந்தது. அவர் அப்பா குத்தகைக்கு உழுத வயலில், செத்துப்போன ஏர்மாடு மயிலையை வரப்போரம் புதைத்திருந்தார். ஒரு கோடையில் நானும் மேடமும் அதைத் தோண்டப் போனோம்.

அப்போது அந்த வயல் மேல் கேஸ். மிராசுதாரர் குத்தகைக்காரர்களை வெளியேற்றப் பார்க்கிறார், இவர்கள் விடவில்லை... அந்த நேரத்தில் அங்கே மண்வெட்டியோடு நின்றால் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. படித்த புத்தி!

மிராசுதாரரின் காரியக்காரர் ஓடி வந்தார். "குடிசை போட குழி தோண்டுறீங்களா?"

"மாட்டு எலும்புங்க. காலேஜுக்கு" என்றார் மேடம்.

சாக்கை அவிழ்த்துக் காட்டினோம். காரியக்காரர் எட்டிப் பார்த்தார். "எடுத்த வரைக்கும் கொண்டுபோங்க. இனிமே ஒரு கொத்து விழக்கூடாது."

இடது பக்கத்துக் கடைசி விலா மட்டும் மண்ணிலேயே தங்கிவிட்டது.

மியூசியத்தில் எலும்புகளைக் கோத்து நிறுத்தியபோது, அந்த விலா இருக்க வேண்டிய இடத்தில் மேடம் ஒரு மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டினார். வெள்ளை பெயின்ட் அடிக்கலாமே என்றேன்.

"அடிச்சா மறந்துருவோம் சார்."

அவர் அப்பா ஒருமுறை பார்க்க வந்தார். திமில் இருந்த இடத்தில், உயர்ந்து நிற்கும் எலும்புகள் மேல் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் மூங்கிலைப் பார்த்தார்.

"கேஸ் முடியட்டும்மா, நானே எடுத்துத் தர்றேன்."

ஆட்சி மாறி மாறி வந்தது. கேஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பா போனார், நாங்கள் ரிட்டயர் ஆனோம்... கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போன ஐப்பசியில் மேடம் கூப்பிட்டார். "கேஸ் நம்ம பக்கம் முடிஞ்சிருச்சு சார். இப்ப வயல்ல தண்ணி நிக்கிது. அறுப்பு முடியட்டும், மண்வெட்டியோட வந்துருங்க."

வந்துவிடுகிறேன் என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம்.

இன்று அவரைப் பார்க்க அந்த வயலைத் தாண்டித்தான் போனேன். அறுப்பு முடிந்து, தண்ணீர் வடிந்து, காய்ந்து கிடந்தது...

போய்வாருங்கள் மேடம். மூங்கிலுக்கு இன்னும் யாரும் பெயின்ட் அடிக்கவில்லை.