ஜெய்ராமின் அடுப்பில்லாத சாக்லேட்

மின்விசிறிக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஜெய்ராம் பேரீச்சம்பழத்தோடு மல்லுக்கட்டுகிறார். எதிரே சின்ன அம்மிக்கல். தரை கீறாமல் இருக்க அதற்கடியில் மடித்த கோணி. தொலைக்காட்சியில் கால்பந்து ஓடுகிறது. பந்து கோல் பக்கம் போனால் குழவி அந்தரத்தில் நிற்கும். போகாவிட்டால் அந்தக் கோபமெல்லாம் பழத்தின் தலையில்தான்.

"மிக்சில போட்டா மிக்சி அழறது. அம்மில போட்டா பழம் தானா வழிக்கு வரும்" என்பது அவர் கட்சி. கை முழுக்க நெய். மூக்கு நுனியில் கோகோ பவுடர். போன் அடித்தால் முழங்கையால் எடுப்பார். அந்தப் பக்கம் மேனேஜராக இருந்தாலும் சரி, "கொஞ்சம் இருங்கோ, கை வேலையா இருக்கு" என்று வைத்துவிடுவார்.

வேலை கல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில். கப்பலில் வரும் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கம்பெனி. பகலெல்லாம் கன்டெய்னரோடும் லாரிக்காரர்களோடும் கத்திவிட்டு, லேக் மார்க்கெட் பக்கத்து ஃப்ளாட்டுக்குத் திரும்பும்போது பையில் பேரீச்சம்பழம் இருக்கும். துறைமுகத்துக்கு வெளியே கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் காயல்பட்டினத்துக்காரர். இவர் தலையைக் கண்டதும் நல்ல பழமாகப் பார்த்து ஒதுக்கிவைப்பார். "அண்ணே, இது வாயில போட்டா கரையும்" என்று அவர் நீட்டுவதை ஜெய்ராம் உடனே வாங்கிவிட மாட்டார். விரலால் அமுக்குவார், வெளிச்சத்தில் பிடிப்பார், அப்புறம்தான் வாய்க்குப் போகும்.

சாக்லேட் செய்ய ஆரம்பித்ததற்குக் காரணம் மனைவி மாதவி போட்ட தடையுத்தரவு. ஒருநாள் அவள் பேங்குக்குப் போயிருந்தபோது, பாயசம் வைத்து அசத்துகிறேன் பேர்வழி என்று பாலை அடுப்பில் ஏற்றினார். ஏற்றியவர், கீழ்வீட்டு வங்காளி நரேன்தாவோடு ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசக் கீழே இறங்கினார். கல்கத்தாவில் கால்பந்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி யார் மேலே ஏறியிருக்கிறார்கள்? புகையைப் பார்த்துக் கட்டடமே திரண்டுவிட்டது. பாத்திரம் கரி. மாதவி சாயங்காலம் வந்து மூக்கை உறிஞ்சினாள். "ஏன்னா, இனிமே அடுப்புப் பக்கம் உங்க நிழல்கூட விழப்படாது" என்றாள். அவ்வளவுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

மனுஷர் அசரவில்லை. "அடுப்பு வேண்டாம், அனல் வேண்டாம், ரெண்டு கை போறும்!" என்று கிளம்பிவிட்டார். பேரீச்சை, அத்திப்பழம், திராட்சை. சர்க்கரை ஒரு துளி கிடையாது. பாதாமையும் முந்திரியையும் வறுக்க முடியாதே? பால்கனியில் செய்தித்தாள் விரித்து வெயிலில் காயவைப்பார். மேகம் கறுத்தால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டம். எல்லாவற்றையும் கோகோவோடு சேர்த்து இடித்து, பிசைந்து, உருட்டி, தேங்காய்த் துருவலில் புரட்டி ஃப்ரிஜ்ஜில் வைத்துவிட்டால் தீர்ந்தது வேலை. ஓர் உருண்டைக்கும் இன்னோர் உருண்டைக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்காது.

அந்தக் கை அப்படிப் பழகியது கோயில் மடைப்பள்ளியில். புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாள் கோயிலில் லட்டு பிடிக்கப் போவார். சின்ன வயசிலிருந்து விடாத பழக்கம். அவரைப் பொறுத்தவரை உருட்டுகிற எதுவும் கடைசியில் ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம் கேட்கும். சாக்லேட்டும் கேட்டது. அவரும் போட்டார்.

மனசில் ஒரே ஒரு ஆசைதான். துர்கா பூஜை முடிந்ததும் பிஜோயா. வீட்டுக்கு வீடு போய்க் கட்டித் தழுவி, பெரியவர்கள் காலைத் தொட்டு, இனிப்பு தின்பார்கள். நரேன்தா வீட்டில் ஜெய்ராம் சந்தேஷுக்கு மேல் சந்தேஷாக உள்ளே தள்ளுவார். ஆனால் இவர் வீட்டில்? கொலுப்படி பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பார். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள், வலது கையை நீட்டி ஒன்றே ஒன்று வாங்குவார்கள், கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தைக் காகிதத்தில் மடித்துக்கொள்வார்கள். வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அதில்தான் பங்கு. இன்னொன்று கேட்டவர் கிடையாது.

நரேன்தாவும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு சந்தேஷைத் தின்று இது எந்தக் கடை என்று சொல்லக்கூடிய ஆள் அவர். அவர் ஒருதரம், ஒரே ஒருதரம், இன்னொன்று கேட்டுவிட வேண்டும் என்று ஜெய்ராம் தவித்தார். "மருந்து மாதிரி கிள்ளித் திங்கறார், மாதவி. என் கையில என்ன குறை?" என்று கேட்டு உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

குறையைக் கண்டுபிடித்தது மகள் மஹிமா. பெங்களூரில் வேலை. இந்த வருஷம்தான் பூஜைக்கு லீவு கிடைத்து வந்தாள். பிஜோயாவுக்கு முந்தின நாள், புதிதாக உருட்டியதில் ஒன்றை வாயில் போட்டவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அப்பா, இது சாக்லேட் இல்ல. பெருமாள்."

"என்னடி உளர்றே?"

"கண்ண மூடிண்டு சாப்பிடுங்கோ. கோவில்ல தீர்த்தம் வாங்கிண்டு நிக்கற மாதிரி இருக்கு. கொலு பக்கத்துல வேற வெச்சுண்டு நிக்கறேள். நரேன் ஜேட்டு இத ப்ரோஷாத், பெருமாள் பிரசாதம்னுதான் நெனச்சிண்டிருப்பார். ப்ரோஷாத்த போய் யாராவது இன்னொண்ணு குடுன்னு கேப்பாளா?"

ஜெய்ராம் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. புரட்டாசி முழுக்கக் கையில் அந்த வாசனைதானே! மாதவி பக்கம் திரும்பினார். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நன்னாத்தான் இருந்தது, நான் ஏன் சொல்லணும்? இன்னொண்ணு கேக்கலேன்னு நீங்க இவ்ளோ வருத்தப்படுவேள்னு எனக்கென்ன தெரியும்?"

அன்றே மறுபடி அம்மி. மாதவி கற்பூர டப்பாவை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிசைந்து முடித்ததும் ஜெய்ராமின் கை தன்பாட்டில் வலப்பக்கம் போய்த் தரையைத் துழாவியது. "ஐயையோ, போறதே, போறதே!" என்று அவரே இடக்கையால் அதைப் பிடித்து இழுத்தார். மஹிமா தரையில் உருண்டு சிரித்தாள். தட்டு இந்த முறை கொலுவுக்குப் பக்கத்தில் போகவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் ஏறியது.

மறுநாள் சாயங்காலம் நரேன்தா மடிப்புக் கலையாத வெள்ளைப் பஞ்சாபி ஜிப்பாவில் வந்தார், பின்னாலேயே அவர் மனைவி, ஜெய்ராமுக்குப் பௌதி, அதாவது அண்ணி. "ஷுபோ பிஜோயா!" இரண்டு ஆண்களும் முறைப்படி மூன்று தரம் கட்டிக்கொண்டார்கள். ஜெய்ராம் தட்டை நீட்டினார். நரேன்தா வழக்கம்போலப் பயபக்தியோடு ஒன்றை எடுத்தார். மூக்குக்கு நேராக வந்ததும் கை நின்றது.

"ஏ கீ! ப்ரோஷாத் நோய்?" இதென்ன, பிரசாதம் இல்லையா என்று புருவத்தை உயர்த்தினார்.

"இல்ல தாதா. வெறும் சாக்லேட்" என்று பெங்காலியில் சொன்னார் ஜெய்ராம். 

நரேன்தா முழு உருண்டையையும் வாயில் போட்டார். கண்ணை மூடினார். தாடை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. எந்தக் கடை என்று யோசிக்கிறாரோ என்னவோ.  கண்ணைத் திறந்த நரேன்தா தானே இன்னொன்றை எடுத்து உள்ளே தள்ளினார்.

மாதவியிடம் பூஜைப் பந்தல் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பௌதி சட்டென்று திரும்பினாள். "பாஸ்! ஆர் ஏக்டாவோ நா!" இதற்குமேல் ஒன்றுகூடக் கூடாது என்று விரலை ஆட்டினாள். நரேன்தா நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். பார்வை மட்டும் தட்டிலேயே இருந்தது.

ஜெய்ராம் மெல்ல நகர்ந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "ஆமா பௌதி, இந்த வருஷம் எந்தப் பந்தல் நன்னா இருந்தது?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், நரேன்தா பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.