நேராக நடந்த குற்றம்

எங்கள் தெருமுனையில் ஷூ தைக்கிறவருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. அவரைப் பொறுத்தவரை கால்தான் ஆள். ஒருமுறை சொந்த மச்சினரையே வாசலில் நிறுத்தி, "யாருங்க நீங்க?" என்று கேட்டவர், அவர் செருப்பைக் கழற்றிக் கட்டைவிரலைக் காட்டிய பிறகுதான், "அடடே, மாப்ளே! உள்ள வாங்க" என்றார். அவர் மனைவி இதை மறுக்கிறாள். மறுக்கட்டும், அவள் அன்று ஊரில் இல்லை. நானும் இல்லை, அது வேறு விஷயம்.

வளைந்த பாதம், சர்க்கரை நோயில் விரல் போன பாதம், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பாதங்கள் என்று எது வந்தாலும், காகிதத்தின் மேல் நிற்கவைத்து வரைந்து, அதே அளவில் மரத்தில் அச்சு செதுக்கி, அதன் மேல் தோலை இழுத்துத் தைப்பார். போட்டுக்கொண்டவருக்குக் காலில் கோளாறு என்று ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. அவருடைய ஒரே கர்வம் அது.

தபால் நிலையத்தில் தபால்தலை விற்கும் பெண்ணுக்கு வலது கால் இரண்டு விரற்கடை குட்டை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடத்தில்தான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. அவளுடைய வலது ஷூவுக்குள் தக்கையை அடுக்கடுக்காக ஒட்டி, வெளிப்பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரியும்படி தைத்துக் கொடுத்தார். அவள் அம்பு மாதிரி நேராக நடந்தாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, "அதோ போகுதே, அந்தப் பொண்ணுக்கு எந்தக் கால் குட்டை? சொல்லுங்க பாப்போம்!" என்று பந்தயம் கட்டினார்.

ஒருவரும் ஜெயிக்கவில்லை. தோற்றவர்களில் ஒருவர், தபால் நிலைய மாடியில் உட்காரும் மேலதிகாரிக்கு மொட்டைக் கடிதாசி போட்டார்: இரண்டு காலும் ஒழுங்காக இருப்பவளுக்கு இந்த வேலை எப்படி?

விசாரணைக்கு அவள் இவரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"நடந்து காட்டும்மா" என்றார் அதிகாரி. நடந்தாள். "ஜோராத்தானே நடக்கறே?"

ஷூவைக் கழற்றிவிட்டு நடந்தாள். கால் நொண்டியது.

"என் பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட இதைவிட நல்லா நொண்டுவான்."

"டாக்டர் குடுத்த சர்டிபிகேட் இருக்கு சார்."

"இருக்கட்டும். எனக்குக் கண்ணு இருக்கே!"

அவள் இவர் பக்கம் திரும்பினாள். "சும்மா நிக்கிறீங்களே அண்ணே! உங்க வாயாலதான் என் வேலை போகப் போகுது!"

இவர் பையிலிருந்து தோல் வெட்டும் கத்தியை எடுத்தார். அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இவரோ வலது ஷூவை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, குறுக்கே இரண்டாக அறுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒன்பது அடுக்குத் தக்கை. அதிகாரி ஸ்கேல் வைத்து அளந்தார். காலை நம்பாதவர் தக்கையை நம்பினார்.

வேலை தப்பியது. ஆனாலும் போகும்போது ஒரு புத்திமதி: "இனிமே ஆபீசுல பாக்கறவங்களுக்குத் தெரியற மாதிரி நடம்மா. மறுபடி புகார் வரக் கூடாது பாரு."

"புது ஷூவுல ஒரு விரற்கடை குறைச்சு வெச்சிடுங்கண்ணே" என்றாள் அவள். அவரும் சரி என்றார். நான்கு தடவை பிரித்து ஒட்டினார். பாழாய்ப்போன கை கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அது நேராகத்தான் நடந்தது.

கடைசியில் அவளே ஒரு வழி பண்ணிக்கொண்டாள். தெரு முழுக்க நேராக வருவாள். தபால் நிலையப் படியில் கால் வைத்ததும் நொண்டுவாள். ஒருநாள் பின்னாலேயே வந்து இதைப் பார்த்த ஷூ தைக்கிறவர் பதறிப்போனார்.

"ஏம்மா! குட்டை வலது கால்! நீ இடது கால்ல நொண்டறியே!"

"வலதுல நொண்டினா நீங்க வெச்ச தக்கை அமுங்கிப் போயிடும்ண்ணே."

அதிகாரி தினமும் பார்க்கிறார். அவருக்குத்தான் கண் இருக்கிறதே.