ஆட்டின் தலையில் வைத்த கை

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. படிப்பு ஐந்தாவதோடு சரி. ஒரே ஒரு இங்கிலீஷ் சொல் மட்டும் மண்டையில் கிடக்கிறது.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். போன ஐப்பசியில் விடாத மழை. மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சி காயவே இல்லை. லாரி நிற்கிறது என்று போர்மேன் கத்தினார்.

"இன்னும் காயலையே" என்றாள் டப்பியில் குச்சி அடைக்கிற பொம்பளை ஒருத்தி. புதூர்ப் பக்கம். புருஷன் இல்லை.

"ஏட்டி, ஒங்கிட்ட கேட்டனா? கைய ஓட்டு" என்றார் போர்மேன்.

அடைத்தாள். நான் ஏற்றினேன்.

சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. உரசினால் மருந்து உதிர்ந்தது. யார் தப்பு என்று முதலாளி கேட்டார். போர்மேன் அவளைக் காட்டினார். ஈரக்குச்சியைப் பார்க்காமல் அடைத்தது தன் தப்பு என்று எழுதி, எழுத்தறியாத அவளிடம் கைநாட்டு வாங்கி வெளியே அனுப்பினார்கள். அந்தத் தாள் இருந்தால் இந்த வட்டாரத்தில் எந்த ஆபீசிலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். எனக்கும் வேலை வேண்டும்.

சாயங்காலம் டீக்கடையில் ஆபீஸ் கிளார்க் வந்து நின்றார். குளத்தூர்க்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

"அந்த அக்காவ ஸ்கேப்கோட் ஆக்கிட்டாவ, அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"பைபிள்ல உள்ளது. ஊர்ச்சனம் செஞ்ச பாவத்தையெல்லாம் ஒரு ஆட்டுத் தலையில கைய வச்சு பூசாரி சொல்லுவாரு. பொறவு அத உசுரோட வனாந்தரத்துக்கு வெரட்டி விட்டுருவாவ. அதுலேருந்து வந்த பேச்சுதான்."

"ஆடு என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல. அதான் விசயமே." சிரித்தார். "தாள வாங்குனதும் 'நான் கைகழுவிட்டேன்'னு முதலாளி சொன்னாருல்லா? இங்கிலீஷ்லயும் அப்படிச் சொல்லுதான். அதுவும் பைபிள்தான். ஏசுவச் சிலுவைக்கு அனுப்புன அதிகாரி, தண்ணி கொண்டாரச் சொல்லி..."

"நீரு டீயக் குடியும்."

நான் ஆடு வளர்க்கிறவன். சித்திரையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். ஒற்றை ஆட்டை அதில் விரட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் சாமிக்கு ஆடு வெட்டும்போதுகூட மேலே மஞ்சத்தண்ணி ஊற்றிக் காத்து நிற்போம். அது உடம்பை உதறினால்தான் உத்தரவு. உதறாத ஆட்டைத் திருப்பிக் கூட்டிப்போனதும் உண்டு. போர்மேனும் அதே கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்தான். ஆட்டிடம் உத்தரவு கேட்கிற பயல்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் தலையில் என் கையும் இருந்தது.

மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"அந்தச் சாட்சி பொய்யி. காயலன்னு அவ சொன்னா. அடைக்கச் சொன்னது போர்மேன். என் காதால கேட்டேன்."

"ஏலே, அவ ஒனக்கு என்னலே மொற?" என்றார் போர்மேன்.

"மொற இருந்தாத்தான் சொல்லணுமோ?"

மேஜைமேல்தான் தாள் இருந்தது. எடுத்துக் கிழித்தேன். முதலாளி தலை நிமிரவே இல்லை. கேட்டைக் காட்டினார்.

அவள் இப்போது வேறு ஆபீசில் டப்பி அடைக்கிறாள். முதலாளியை எதிர்த்தவன் என்று அங்கே என்னைச் சேர்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பார்த்தேன். தாளைக் கிழித்ததைச் சொன்னேன்.

"நீங்க கையெழுத்துப் போடுததுக்கு முன்னாலயே சொல்லிருக்கலாம்லா, அண்ணாச்சி" என்றாள்.

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.