பச்சைச் சட்டையும் டிப்பர் லாரிகளும்

போக்குவரத்துக் கணக்கெடுப்புக்காக நெடுஞ்சாலையோரம் நாற்காலி போட்டு வண்டி எண்ணுவது உட்கார்ந்த இடத்துச் சம்பளம் என்று நினைப்பவர்கள், டிப்பர் லாரி திரும்புகிற வளைவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். இந்த வேலை பார்த்துத் தொலைத்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கு யாரிடம் பயம்

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் அப்படியொரு வளைவு எனக்கும் கூட்டாளி ஜெபராஜுக்கும் வாய்த்தது. பைக், கார், பஸ், டிப்பர் என்று வகை பிரித்துக் கோடு போட வேண்டும். கல் ஏற்றிய டிப்பர் உரசுகிற மாதிரி வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அந்த நேரத்தில் போன பைக்குகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

எங்களுக்குப் பின்னால் ஸ்டெல்லா அக்காவின் டீக்கடை. அவருக்கு எங்களைக் கண்டு பயம். வண்டி அதிகம் என்று தெரிந்தால் ரோட்டை அகலமாக்குவார்கள், கடையை இடிப்பார்கள். டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்: “மக்கா, கொஞ்சம் கொறச்சு எண்ணப்பிடாதா? எனக்க கடையில்லா போவும்!”

டிப்பர்களைக் காணோம்

மதியத்துக்கு மேல் ஒரு டிப்பர்கூட வரவில்லை. எனக்கு உயிர் வந்தது. அக்கா கேட்காமலே வடை கொடுத்தார்.

அப்போது ஒரு டிப்பர் டிரைவர் கடையின் பின்பக்கத்திலிருந்து நடந்து வந்தார். நாங்கள் போட்டிருந்த ஒளிரும் பச்சைச் சட்டையைப் பார்த்து, அதிக பாரம் ஏற்றிய வண்டிகளைப் பிடிக்கிற அதிகாரிகள் என்று டிரைவர்கள் நினைத்துவிட்டார்களாம். ஒருவருக்கொருவர் போன் போட்டு, எல்லோரும் கடைக்குப் பின்னாலுள்ள ஊர்ச்சாலையில் இறங்கிவிட்டார்கள். அவர் பவ்யமாகக் கேட்டார்: “சாரே, செக்கிங் எப்பம் முடியும்?”

இன்னொரு நாளா?

மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். இந்த ஒரு நாளை வைத்துத்தான் வருஷத்துக்கே கணக்குப் போடுவார்கள், இன்னொரு நாள் எண்ணலாம் என்றேன். ஆள் கூலி, வேன் வாடகை, சாப்பாடு என்று அவர் அடுக்கினார். டிப்பர்கள் வேறு வழியில் போகின்றனவே என்றேன். “நீரு கண்ணால கண்டீரா? காணாத வண்டிய எழுதப்பிடாது வேய்!”

கழற்றிய சட்டை

பள்ளிக்கூடம் விடும் நேரமானது. அக்காவின் மகள் சைக்கிளில் வருவது அந்த ஊர்ச்சாலை வழியாகத்தான். காரும் ஆட்டோவும் எதிரெதிரே வந்தால் ஒதுங்கக்கூட இடமில்லாத சாலை அது. டிப்பர் ஹாரனும் ஒரு அலறலும் கேட்டன. அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

மகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் திரும்பினார். அவள் ஓடைக்குள் விழுந்து தப்பியிருந்தாள். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். “கடை போனா போட்டும்! இத கழத்துலே, அவனுவ ரோட்டுக்கு வரட்டும்!”

கழற்றினோம். சற்று நேரத்தில் டிப்பர்கள் ரோட்டுக்குத் திரும்பின, நாங்கள் கண்ணுக்குத் தெரியாததால் முன்னைவிட நெருக்கமாக.

அன்றைய கணக்கில் நான் கண்ணை மூடாமல் சரியாக எண்ணியது, அக்காவின் கடைக்கு வினையாகப் போகிற அந்தக் கடைசி ஒரு மணி நேரத்து வண்டிகளை மட்டும்தான்.