ஏறினாள்

அக்காவின் கணவர் தன் போனை என் முன்னால் நீட்டிய அந்த மாலை இன்னும் கண்ணில் நிற்கிறது. மலையாள மண்ணில், தம்பானூரில் அவர் டீ மாஸ்டராக இருந்த ஹோட்டல். எனக்கும் அக்காவுக்கும் சாயாவை வைத்துவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, ஏறுனது எங்க அமுதாவா, அவ பையா?" திரையில் அவர்கள் மகள் பெயரில் நாங்கள் அனுப்பிய சோதனைச் செய்தி இருந்தது: 'அமுதா பஸ்ஸில் ஏறியது.' அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாக்கியத்தை எழுதிய நான் சாயாவைக் கீழே வைத்தேன்.

அக்கா என்று நான் கூப்பிட்டாலும் கூடப் பிறந்தவர் அல்ல; அப்போது எங்கள் அலுவலகத்தில் நிரல்களைச் சோதிக்கும் டெஸ்டர். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், நான் ஸ்ரீவராகத்துக்காரன். இருவருக்கும் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பள்ளி வண்டியில் பிள்ளை ஏறியதும் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் செயலியை அப்போது செய்துகொண்டிருந்தோம். ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் பிள்ளையின் பெயர், ஒரு கூட்டல் குறி, அப்புறம் மிச்ச வாக்கியம், அவ்வளவுதான். மலையாளத்தில் ஆணோ பெண்ணோ 'கயறி', பேச்சில் 'கேறி', என்றால் போதும். அந்தப் பழக்கத்தில், தமிழுக்கும் ஒரே வினை போதுமென்று அத்தனை பேரும் நம்பிவிட்டோம். திருநெல்வேலியில் இருந்து நேராக வந்திருந்தால் யாரும் இப்படித் தப்பு செய்திருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு மொழியும் தன் இலக்கணப்படி கிளை பிரித்துக்கொள்ளும் பொதுவான செய்தி வடிவம் ஒன்று உண்டு. வளைவு அடைப்புக்குறிக்குள் பெண் என்றால் இந்த வாக்கியம், ஆண் என்றால் இது, இரண்டும் தெரியாவிட்டால் இது என்று முழு வாக்கியங்களாகவே எழுதிவிடலாம். ஆனால் அதற்கு எல்லாச் செய்திகளையும் பிரித்துத் திரும்ப எழுத வேண்டும். பள்ளி திறக்கும் நாளோ நெருங்கிவிட்டது. "தமிழ் அடுத்த ரிலீஸில் நோக்காம்" என்றார் மேனேஜர்; பார்த்துக்கொள்ளலாமாம். அடுத்த ரிலீஸ் என்பது கிடப்பில் போடுவதற்கு எங்கள் தொழிலில் வைத்திருக்கும் மரியாதையான பெயர்.

அக்கா நேராக அவர் அறைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

"சாரே, என் வீட்டுக்காரருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். நான் இங்க இருக்கேன். பிள்ளை வண்டில ஏறிட்டாளான்னு அந்த மனுசன் எதப் பாத்துத் தெரிஞ்சுக்குவார்? உங்க மகளப் பத்தி ஒருத்தன் 'அது கேறி'ன்னு சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வாரம் கிடைத்தது.

அந்த வாரம் அக்கா என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. வாய்க்கு வந்த பெயரையெல்லாம் கொடுத்துச் சோதிப்பார். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால், "உங்க தெருவுல கதவச் சாத்தற பழக்கம் இல்லயோ?" என்பார். ஆணா பெண்ணா என்று பள்ளியின் பதிவில் இல்லாத பிள்ளைக்கு என்ன போடுவது என்று நான் விழித்தபோது, "தெரியலன்னா மரியாதை குடுத்துரு. மரியாதையால யாருக்கும் நட்டமில்ல, கேட்டோ" என்றார். 'ஏறினார்' என்று எழுதினேன். இன்றும் எந்த நிரலிலும் அந்த மூன்றாவது கிளையை எழுதும்போது அவர் குரல்தான் கேட்கிறது. அவரைப்போல இன்னொரு டெஸ்டர் எனக்கு வாய்க்கவில்லை.

பல வருடம் கழிந்து, இப்போது அக்கா வேறு நிறுவனத்தில் இருக்கிறார். போன வாரம் அமுதா வேலை கிடைத்துச் சென்னைக்குப் புறப்பட்டாள். ரயில் நிலையம் ஹோட்டலுக்கு எதிரேதான், ஆனாலும் கடைக் கூட்டத்தை விட்டு அவள் அப்பாவால் நகர முடியவில்லை. அன்று நான் சாயா குடிக்கப் போயிருந்தேன். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பழையபடி போனை என் முன்னால் நீட்டினார். பேச்சில் நாங்கள் 'ஏறிட்டா' என்போம், ஆனால் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, எங்கள் செயலி எழுதுவதைப் போலவே அக்கா தன் கையால் எழுதி அனுப்பியிருந்தார்: 'அமுதா ரயிலில் ஏறினாள்.'

"சரியா இருக்கு தம்பி" என்றவர், அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.