ஓட்டிஸ் பெட்வே கையெழுத்திட்ட தாள்கள்

எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு வாசல். இடது வாசலில் ‘விபத்தா? நாங்கள் இருக்கிறோம்’ என்று பலகை. வலது வாசலில் ‘கஞ்சாக் கடை உரிமம் வாங்கித் தருகிறோம்’. எதில் நுழைந்தாலும் உள்ளே ஒரே அறை, ஒரே மேசை, அந்த மேசையில் நான். பத்தொன்பது வருடமாக வக்கீல் பிரென்ட் ஹாலவருக்குத் தட்டச்சு செய்கிறேன். நெடுஞ்சாலை ஓரம் பெரிய பலகையில் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நிற்கிறானே, அவன்தான். எங்கள் ஊரான பியோரியாவுக்குள் வருகிற எவரும் அந்தப் பல்லைப் பார்க்காமல் வரமுடியாது.

ஓட்டிஸ் பெட்வே இடது வாசல் வழியாக வந்தவர். அறுபத்தொரு வயது. பள்ளிக்கூடங்களில் கூடைப்பந்து ஆடும் மரத்தரையைத் தேய்த்து மெருகேற்றுவது அவர் தொழில். சிவப்பு விளக்கில் நின்றிருந்த அவர் வண்டியைப் பின்னால் வந்த சோபாக் கடை வேன் ஒன்று இடித்தது. முதுகெலும்பில் இரண்டு இடத்தில் சவ்வு நசுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தால் நிமிரலாம் என்றார் டாக்டர். இவருக்கோ மருத்துவக் காப்பீடு கிடையாது. வேனின் காப்பீட்டுக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தால் ஆபரேஷன், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் வலி.

போகிற இடத்துக்கெல்லாம் ஒரு பச்சைத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். அதைப் போட்டு உட்கார்ந்தாலும் பத்து நிமிடம் தாங்காது. எழுந்து என் கோப்பு அலமாரியில் சாய்ந்துகொள்வார்.

“லொரெட்டாம்மா, இது என்னைத் தாங்குதா, நான் இதைத் தாங்குறேனா?”

“ரெண்டு பேருமே விழப்போறீங்க, ஓட்டிஸ். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

முதல் நாள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: தண்டனை பெற்றதுண்டா? ஒளிக்காமல் எழுதினார். 1994இல் காருக்குள் ஒரு சின்னக் கஞ்சாப் பொட்டலம், பதினோரு மாதம் சிறை. அந்தப் பொட்டலத்துக்காக எந்தப் பள்ளியும் அவரை நிரந்தர வேலைக்கு எடுக்கவில்லை. பிள்ளைகள் எல்லாம் போன பிறகு ஒப்பந்தக்காரனோடு வந்து தரை தேய்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

அந்த வரியைப் படித்ததும் பிரென்ட் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். கஞ்சா விற்பது சட்டப்படி சரியென்று ஆகிவிட்ட எங்கள் மாநிலத்தில், அன்று அதற்காகச் சிறை போனவர்களுக்கு இன்று கடை வைக்க முன்னுரிமை உண்டு. நல்ல எண்ணத்தோடு போட்ட சட்டம்தான். ஆனால் கையில் பணத்தை வைத்துக்கொண்டு, பெயர் கொடுக்க ஒரு பழைய கைதியைத் தேடி அலைகிற கூட்டம் ஒன்று கிளம்பிவிட்டது. சிகாகோவிலிருந்து ஒரு பல் டாக்டர் பிரென்டிடம் அப்படித்தான் கேட்டு வைத்திருந்தான், சந்தையில் கோழி கேட்பதைப்போல.

“பிரதர், ஜெயிலுக்குப் போனது இப்ப உங்களுக்கு அதிர்ஷ்டம்,” என்றான் பிரென்ட். “பாதிக்கு மேல பங்கு உங்க பேர்ல. நீங்க ஒண்ணும் செய்யவேணாம்.”

“ஒண்ணும் செய்யாம எனக்கு யாரும் எதுவும் குடுத்ததில்லையே, வக்கீலய்யா.”

“காலம் மாறிப்போச்சு பிரதர்.”

செவ்வாய்க்கிழமை நஷ்டஈட்டு வாக்குமூலம் தட்டச்சு செய்தேன். ‘என்னால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவோ உட்காரவோ, எந்தப் பாரமும் தூக்கவோ முடியாது.’ வியாழக்கிழமை உரிம விண்ணப்பம். ஓட்டிஸ் வெறும் பெயருக்கு முதலாளி இல்லை என்று அரசாங்கத்துக்குக் காட்டவேண்டுமே, பிரென்ட் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘தினமும் பத்து மணி நேரம் கடையில் நின்று, சரக்கை இறக்கி அடுக்குவது உட்பட எல்லா வேலையையும் நானே நடத்துவேன்.’

என் விரல் நின்றுவிட்டது. “பிரென்ட், செவ்வாய்க்கிழமை இந்த மனுஷனுக்கு நிக்கவே முடியாதுன்னு எழுதினோமே?”

“அது அந்த வாசல், இது இந்த வாசல். ரெண்டு காகிதத்தையும் எவன் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கப்போறான்? நீ அடி.”

அடித்தேன். சம்பளத்தை நினைத்தேன், வாயை மூடிக்கொண்டேன். பிரென்டைத் திட்டுகிற நானும் அவன் சாக்கடையில் கால் நனைத்தவள்தான்.

ஓட்டிஸ் கையெழுத்துப் போட வந்தார். விண்ணப்பம் அறுபது பக்கம். பத்து நிமிடத்தில் மூன்று பக்கம்தான் படித்தார், வலி தாங்காமல் எழுந்துவிட்டார்.

“முடியலம்மா. நீ படிச்சியா?”

“படிச்சேன்.”

“சரியா இருக்கா?”

“சரியாத்தான் இருக்கு.”

அலமாரியில் சாய்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். அடுத்த முறை வரும்போது வீட்டில் பொரித்த கெளுத்தி மீன் கொண்டுவந்து தந்தார். வெட்கமில்லாமல் தின்றேன்.

உரிமம் கிடைத்தது. கடை திறப்பன்று நாடாவை வெட்டிய கையோடு அவர் கையில் ஒரு பெட்டியைத் திணித்துப் படம் எடுத்தார்கள். பல் டாக்டர் பக்கத்தில் நின்று சிரித்தான். அதன்பின் ஓட்டிஸை அந்தக் கடைக்கு யாரும் கூப்பிடவில்லை, பங்கென்று ஒரு காசும் கொடுக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல் அவரை விசாரிக்க எங்கள் அலுவலகத்துக்கே வந்தாள். ட்ரக்கர் என்று பெயர். குரலை உயர்த்தாதவள். அவள் சொல்லும் அவர் சொல்லும் பதிவாக ஒரு பெண் மூலையில் இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் கோப்புகளை எடுத்துக் கொடுக்க நின்றேன்.

ட்ரக்கர் முதலில் கடை திறப்பன்று எடுத்த படத்தை வைத்தாள்.

“அது காலிப் பெட்டிம்மா,” என்றார் ஓட்டிஸ்.

“இருக்கலாம், மிஸ்டர் பெட்வே.” பிறகு இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “ரெண்டுலயும் உங்க கையெழுத்து. இதுல எது பொய்?”

நிற்க முடியாது என்பது பொய்யென்றால் ஆபரேஷன் இல்லை. தினமும் கடையில் நிற்பேன் என்பது பொய்யென்றால் அரசாங்கத்திடம் பொய் சொன்ன குற்றம், திரும்பவும் சிறை. ஓட்டிஸ் பிரென்டைப் பார்த்தார். நெடுஞ்சாலையில் அத்தனை பல் காட்டுகிறவன் செல்போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தூ!

“ரெண்டையும் தயாரிச்சது யாரு?” ட்ரக்கர் தாள்களின் அடியைத் தொட்டாள். தட்டச்சு செய்தவர் பெயரின் முதலெழுத்துகளைக் கடைசி வரியின் கீழே போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். இரண்டு தாளிலும் என் எழுத்துகள்தான்.

ஓட்டிஸ் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“படிச்சேன்னு சொன்னியேம்மா.”

மூலையிலிருந்த பெண் அதையும் பதிவு செய்துகொண்டாள்.

ஓட்டிஸ் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் கம்பெனி அரசாங்கத்திடம் போகாமல் இதோடு விட்டுவிடும் என்று பிரென்டும் ட்ரக்கரும் பேசி முடித்தார்கள். அந்தத் தாளையும் நான்தான் அடித்தேன். திங்கட்கிழமை ஓட்டிஸ் வந்தார். தலையணை இல்லை. உட்காரவும் இல்லை, அலமாரி பக்கம் போகவும் இல்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இந்தத் தடவை நீ வாய்விட்டுப் படி. நான் நின்னுக்கிட்டே கேக்குறேன்.”

இந்த விபத்துக்காக இனி எந்நாளும் எதுவும் கேட்கமாட்டேன் என்பதுவரை படித்தேன். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. முடிந்தது என்று பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“அடியில ரெண்டு எழுத்து இருக்குமே. அதையும் படிம்மா.”

படித்தேன்.